காவல் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

மலையடிவாரத் தோட்டங்களில் பயிர்க் காவலுக்கென உரிமம் பெற்று வைத்திருக்கும் துப்பாக்கிகளில் பல, ஆண்டில் விரல்விட்டு எண்ணும் தடவைதான் வெடிக்கின்றன. மரவள்ளிக்கும் நிலக்கடலைக்கும் பன்றி இறங்கும் காலத்தில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டாலே கூட்டம் கலைந்துவிடும். மற்ற நாட்களில் துப்பாக்கி பீரோவுக்குப் பின்னாலோ, பரண்மேல் உறைக்குள்ளோ சும்மா இருக்கிறது. அப்படிச் சும்மா இருக்கும்போதுதான் அது கெடுகிறது. சுட்டுச் சுட்டுத் தேய்ந்த துப்பாக்கியைக் காண்பது அரிது. துருவேறி, பிசின் பிடித்து, விசை இறுகிப் போனவையே அதிகம்.

இதற்குக் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல. மாதம் தவறாமல் எண்ணெய் போடுபவர்களின் துப்பாக்கியும் கெடுவதுண்டு. வீட்டில் கைக்கு எட்டிய எண்ணெயைத் தாராளமாகப் பூசிவிடுவார்கள். அதில் எண்ணெயும் தவறு, அளவும் தவறு.

உள்ளே உள்ள விசைத் தாழ்ப்பாளில் எண்ணெய் பிசினாக இறுகிவிட்டால், குதிரையை இழுத்து நிறுத்தும்போது தாழ்ப்பாள் முழுவதும் விழுவதில்லை, பாதியில் நிற்கும். அந்த நிலையில் வரப்பில் கால் தடுக்கினாலோ, கட்டை தரையில் தட்டினாலோ துப்பாக்கி தானே வெடிக்கக்கூடும். குழலில் துரு குழி பறித்திருந்தால் அந்த இடத்தில் இரும்பு மெலிந்திருக்கும். வெடிக்கும்போது விரிவது அந்த இடம்தான். குழலின் முன்பகுதியை ஏந்தியிருக்கும் இடக்கை அதற்கு வெகு அருகில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

காலியா என்று பாருங்கள்

துடைக்கும் துணியை எடுப்பதற்கு முன் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடக்கித் தோட்டா போடும் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் இது எளிது. மடக்கிக் கண்ணால் பார்த்துவிடலாம். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் கண்ணால் பார்த்தால் தெரியாது. மருந்தைக் கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராக அதில் ஒரு அடையாளம் வைக்கவும். பிறகு கம்பியை வெளியே எடுத்து, அடையாளம் குழல் வாயில் பொருந்தும்படி குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கவும். கம்பியின் நுனி, கேப் வைக்கும் நிப்பிள் வரை எட்டினால் குழல் காலி. நாலு விரல் அளவு முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் ரவையும் இருக்கின்றன. அந்தத் துப்பாக்கியை எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்யப் பார்ப்பதும், கம்பியால் நோண்டுவதும் ஆபத்து. உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்குவதே சரி. சென்ற ஆண்டு கெட்டித்த மருந்து இந்த ஆண்டும் அப்படியே இருந்து, துடைக்கும்போது வெடிப்பது நாட்டுத் துப்பாக்கிக்கே உரிய விபத்து.

கரிமருந்துக்குத் தண்ணீர்தான் மருந்து

துப்பாக்கியில் தண்ணீர் படவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். கரிமருந்து போட்டுச் சுட்ட குழலுக்கு இது முற்றிலும் பொருந்தாது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கரிமருந்து. இது எரியும்போது பாதிக்கும் குறைவான பங்கே புகையாகவும் காற்றாகவும் போகிறது. பாதிக்கு மேற்பட்ட பங்கு சாம்பலாகவும் உப்பாகவும் நிற்கிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேற, மீதி குழலில் ஒட்டிக்கொள்கிறது. அவை பெரும்பாலும் பொட்டாசிய உப்புகள். மழைக்காலத்தில் ஜாடி உப்பு கசிவதைப் போல இவையும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். கசிந்தால் ஒரே இரவில் துரு.

இந்த உப்புகள் எண்ணெயில் கரையா, தண்ணீரில் கரையும். ஆகவே சுட்ட குழலில் நேராக எண்ணெய் விடுவது, அழுக்கு வேட்டிக்கு மேல் கஞ்சி போடுவதைப் போன்றது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். பழைய காலத் தோட்டாக்களில் கேப்பின் உள்ளே இருந்த பொட்டாசியம் குளோரேட்டும் எரிந்தபின் இதே போன்ற உப்பையே விட்டது. வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத்தில் சுட்ட துப்பாக்கிக் குழலுக்குள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றச் சொன்னதன் காரணம் இதுதான்.

முறை எளிது. குழலைக் கட்டையிலிருந்து கழற்றவும். நிப்பிளையும் திருகிக் கழற்றி வெந்நீரில் போடவும். குழலின் அடிப்பக்கத்தை ஒரு வாளி வெந்நீரில் நிறுத்தி, கம்பி நுனியில் துணி சுற்றி வாய்வழியே விட்டு, கைப்பம்பு அடிப்பதுபோல் மேலும் கீழும் இழுக்கவும். நிப்பிள் துளை வழியாகத் தண்ணீர் ஏறி இறங்கும். முதல் வாளி கறுப்பாக வரும். அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும். நாற்றம் கந்தகத்தால் வருவது, பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளியும்வரை மாற்றவும். உப்புக் கிணற்று நீர் வேண்டாம். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் நலம். தண்ணீர் நல்ல சூடாக இருந்தால் இரும்பும் சூடேறி, கடைசி ஈரம் தானே உலர்ந்துவிடும். பிறகு கஞ்சி போடாத பழைய வேட்டித் துணியால், துணி வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். எண்ணெய் இதற்குப் பிறகுதான்.

புகையில்லா மருந்து கொண்ட இக்காலத் தோட்டாக்கள் இத்தனை உப்பை விடுவதில்லை. இவ்வகை மருந்து பிரான்சில் 1884இல் கண்டுபிடிக்கப்பட்டது. அவற்றைச் சுட்ட குழலில் தங்குவது கரியும், ஈயத் தடமும், பிளாஸ்டிக் பூச்சும். அவற்றைக் கரைக்கும் திரவங்கள் கடைகளில் உள்ளன. அமெரிக்காவில் 1903 முதல் விற்கும் ஹாப்பீஸ் 9ஆம் எண் இவ்வகையில் பெயர்போனது. இல்லாவிட்டால் டர்பன்டைனும் வெண்கலக் கம்பித் தூரிகையும் போதும். எமரித் தாளோ, செங்கல் பொடியோ, புளியோ வேண்டாம். புளி பித்தளைக் குத்துவிளக்குக்கு உகந்தது, இரும்பை அரித்துவிடும். குழலின் மேல் உள்ள கருநீலப் பூச்சும் ஒரு வகை இரும்பு ஆக்சைடு படலமே. அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. பளபளப்புக்காக அதைத் தேய்த்தெடுப்பது, மழைக்கு முன் கூரையைப் பிரிப்பதைப் போன்றது.

சமையலறை எண்ணெய்கள்

கோயில் விளக்கில் பல நாள் நல்லெண்ணெய் ஊற்றி வந்தால் விளிம்பில் மஞ்சளாக ஒரு பிசுக்கு ஏறும். நகத்தால் சுரண்டினாலும் வராது. எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து இறுகுவதால் உண்டாவது அது. துப்பாக்கியின் விசைக்குள்ளும் நல்லெண்ணெய் இப்படித்தான் இறுகுகிறது. கடலை எண்ணெய் இதைவிட மெல்ல இறுகும்; சூரியகாந்தி எண்ணெய் இன்னும் விரைவாக இறுகும்.

தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகுவதில்லை. அதனாலேயே பலர் அதை நம்புகிறார்கள். ஆனால் அது ஏறக்குறைய 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். கூடலூரிலும் வால்பாறையிலும் ஏற்காட்டிலும் மார்கழி விடியற்காலையில் தலைக்கு வைக்கும் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பன்றி வருவதும் அந்த நேரத்தில்தான். மேலும், நாட்பட்ட எண்ணெயில் காறல் வாடை வந்தால் அதில் அமிலம் உண்டாகிவிட்டது என்று பொருள். அமிலம் இரும்புக்குப் பகை.

விளக்கெண்ணெயின் கதை வேறு. முதல் உலகப் போரில் பறந்த சில விமானங்களின் இன்ஜின்களுக்கே அதுதான் மசகு. கொழகொழப்பில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அந்த இன்ஜின்களில் அது ஊற்ற ஊற்ற வெளியே தெறித்துப் போயிற்று. பல மாதம் சும்மா நிற்கும் துப்பாக்கியில் அது தடித்துப்போய்விடும்.

தாவர எண்ணெய் ஒன்றுக்குத் துப்பாக்கியில் நல்ல இடம் இருக்கிறது. அது ஆளிவிதை எண்ணெய். காற்றில் விரைவாக இறுகும் குணம் இரும்புக்குக் கேடு. மரத்துக்கு அதுவே காப்பு. ஆண்டுக்கொரு முறை மரக்கட்டையை உலரத் துடைத்து, உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, கை சூடேறும்வரை தேய்த்தால் மழை ஈரம் மரத்துக்குள் இறங்காது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது. சுருட்டிய துணி தானே தீப்பற்றும். விரித்துக் காயப்போட்டு எறிய வேண்டும்.

மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும்

மண்ணெண்ணெய் நல்ல கழுவி. இறுகிய எண்ணெயை இளக்கும். ஆனால் அது ஆவியானபின் இரும்பின்மேல் காப்பு எதுவும் மிஞ்சாது. அதைக்கொண்டு கழுவிவிட்டு அப்படியே வைப்பவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். டீசலுக்கும் இதே கணக்கு. பெட்ரோலைத் தொடவே வேண்டாம்.

டிராக்டரிலிருந்தும் ஆயில் இன்ஜினிலிருந்தும் வடித்த கறுப்பு ஆயிலைப் பூசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கிறதே என்று தோன்றும். அந்த ஆயிலில் எரிபொருளின் அமிலமும், நீரும், கரியும், தேய்ந்த இரும்புத் தூளும் கலந்திருக்கின்றன. ஏர்க்கொழுவுக்கு வேண்டுமானால் பூசலாம். துப்பாக்கிக்கு ஆகாது.

தெளிக்கும் டப்பாக்களில் வரும் டபிள்யூ.டி.-40 இப்போது சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஏவுகணைகளின் மேற்பரப்பில் துரு ஏறாமல் காக்க உருவாக்கப்பட்டது. பெயரே நீரை விரட்டுவது என்ற பொருளில் வைத்தது. 40ஆவது முயற்சியில் வெற்றி கிடைத்ததாம். வேலையும் அதுதான். மழையில் நனைந்து வந்த துப்பாக்கியிலிருந்து ஈரத்தை எடுக்க அது உதவும். அதன் பிறகு துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் போட வேண்டும். இதையே ஆண்டு முழுவதற்கும் காப்பு என்று நம்பினால் ஏமாற்றமே.

சரியான எண்ணெய்

பூமியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த மெல்லிய மினரல் ஆயில்தான் துப்பாக்கிக்கு உரியது. காற்றில் எளிதில் இறுகாது, காறாது, அமிலமாகாது, மலைக் குளிரில் உறையாது. 19ஆம் நூற்றாண்டில் பட்டாளத்தார் பூசிய ரங்கூன் எண்ணெய் பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது. ஜெர்மனியில் 1904இல் உருவான பாலிஸ்டால் அந்நாட்டுப் படைக்காகச் செய்யப்பட்டது. உலோகம், மரம், தோல் மூன்றுக்கும் ஆகும், தண்ணீரோடும் கலக்கும். கிடைத்தால் வாங்கலாம்; கிடைக்கவில்லை என்று தவிக்க வேண்டாம். கலப்படமில்லாத தையல் மெஷின் எண்ணெய் ஒரு சிறு குப்பி போதும். அது மெல்லியது, ஆகவே விரைவில் வடிந்துவிடும். கோடையில் மாதம் ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மடக்குத் துப்பாக்கியின் கீலில் மட்டும் சிறிது கெட்டியான மசகு தேவை. அங்கே அரிசியளவு கிரீஸ் வைக்கலாம்.

அளவில்தான் கை கட்டுப்பட வேண்டும். கோழி இறகின் நுனியை எண்ணெயில் தொட்டு, விசைக்கும் குதிரையின் அச்சுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டால் போதுமானது. குழலுக்குள் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டி, மேலே ஒரு துடைப்பு துடைக்கவும். விரலால் தொட்டால் விரல் மினுங்க வேண்டும், வழியக் கூடாது. அதிகமாகப் போட்டால் அந்த எண்ணெய் நிறுத்தி வைத்த துப்பாக்கியில் கீழிறங்கி மரக்கட்டைக்குள் ஊறும். ஊறிய மரம் கறுத்து மெத்தென்று ஆகி, திருகுகள் பிடிமானம் இழக்கும். எண்ணெய் போட்ட முதல் நாள் மட்டும் குழல் வாய் கீழே இருக்கும்படி, பழைய துணிமேல் சாய்த்து வைத்தால் மிகுதி வடிந்துவிடும்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் பட்டால் முந்தின நாள் கழுவியது போதவில்லை. திரும்பவும் வெந்நீர்தான்.

தோட்டாவுக்கும் கேப்புக்கும் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் ஊறிய கேப் வெடிக்காது. அல்லது தாமதித்து வெடிக்கும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு முழு நிமிடம் பொறுத்திருந்துதான் திறக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் மருந்து போடுவதற்கு முன் குழலையும் நிப்பிள் துளையையும் உலர் துணியால் எண்ணெய் போகத் துடைக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மினரல் ஆயில் கரிமருந்தோடு சேர்ந்து எரிந்தால் தார் போல ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கரிமருந்துக் காலத்தில் குண்டுக்கு மசகாகத் தேன்மெழுகையும் கொழுப்பையும் பயன்படுத்தினார்கள். 1857இல் என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பூசியது பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் என்ற பேச்சு எழுந்து, அது சிப்பாய்களின் கிளர்ச்சிக்குப் பொறியானது. அவரவர் விரும்பும் மசகைத் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டு ஜனவரியிலேயே மேலிடம் சொல்லிப் பார்த்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது. மசகு என்பது அற்ப விஷயமல்ல!

மழைக்காலமும் உறையும்

காற்றின் ஈரப்பதம் 60 சதவிகிதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது. மேற்கு மலைச் சரிவில் ஜூன் முதல் செப்டம்பர்வரை ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்த மாதங்களில் தோல் உறையிலோ கித்தான் உறையிலோ துப்பாக்கியை வைத்தால், உறை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்துக்கொள்ளும். உறை வெளியில் கொண்டுபோக மட்டுமே. பூட்டிய மர அலமாரியில், சுவரைத் தொடாமல் நிற்க வைத்து, சிலிக்கா ஜெல் பை ஒன்றைக் கூடப் போடலாம். கையில் எடுத்தவர் யாராயினும் வியர்வைக் கைபட்ட இடத்தைத் திரும்ப வைக்குமுன் துடைத்துவிட வேண்டும். விரல் ரேகையாகவே துரு ஏறுவதைப் பழைய துப்பாக்கிகளில் பார்க்கலாம்.

காப்பித் தோட்டங்கள் நிறைந்த குடகில் நாற்று நடவு முடிந்தபின், செப்டம்பர் 3ஆம் நாளையொட்டி, கைல்போது என்ற ஆயுதத் திருநாள் வருகிறது. துப்பாக்கிகளைச் சுத்தம் செய்து, செங்காந்தள் பூச் சூட்டி வைப்பார்கள். அந்தப் பூவுக்கே அங்கே தோக் பூ, அதாவது துப்பாக்கிப் பூ என்று பெயர். கொட்டும் தென்மேற்கு மழை ஓயும் தறுவாயில் வரும் நாள் இது. மழையில் சும்மா இருந்த இரும்பைத் துடைக்க இதைவிடப் பொருத்தமான நாளைக் குறிக்க முடியாது. நம் பக்கத்தில் ஆயுத பூசை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அன்று சந்தனம் குங்குமம் வைப்பவர்கள் மறுநாளே துடைத்து எண்ணெய் போட்டுவிட வேண்டும். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகத் துரு தெரியும்.

தேர்தல் வந்தால்

தேர்தல் காலத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024இல் மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16இல் வந்தது. வாக்கு எண்ணிக்கை ஜூன் 4இல் நடந்தது. இடையில் 80 நாட்கள். அத்தனை நாளும் துப்பாக்கியைத் துடைக்க யாரும் வரமாட்டார்கள். மெல்லிய எண்ணெய் இதற்குத் தாங்காது. ஒப்படைப்பதற்கு முந்தின நாள் நன்றாகக் கழுவி உலர்த்தி, குழலின் உள்ளும் புறமும் வாசனை சேர்க்காத வாஸ்லினை மெல்லிய படலமாகப் பூசிக் கொடுக்கலாம். எண்ணெய் போல அது வழிந்தோடாது. ரசீதில் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

உரிமம் கையில் இருப்பதாலேயே எந்த விலங்கையும் சுடும் உரிமை வந்துவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி யானை, காட்டெருமை, மான், மயில் போன்றவை காக்கப்பட்டவை. காட்டுப்பன்றி விஷயத்திலும் வனத்துறையின் உத்தரவுக்கு உட்பட்டே எதையும் செய்ய முடியும்.

துப்பாக்கியைத் திரும்பப் பெற்று வந்ததும் வாஸ்லினை மண்ணெண்ணெய்த் துணியால் முழுவதும் எடுத்துவிட வேண்டும். கெட்டியான மசகு குழலுக்குள் இருக்கச் சுட்டால் அழுத்தம் தாறுமாறாகும். மடக்குத் துப்பாக்கியானால் வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் ஒருமுறை பார்க்கவும். நாட்டுத் துப்பாக்கியானால் முன்னே சொன்னபடி கம்பி விட்டு அளக்கவும். ஓரிரு மாதம் சும்மா கிடந்த குழல், குளவிக்கு மண்கூடு கட்ட வாகான பொந்து. அந்தக் கூடு அடைத்திருப்பது தெரியாமல் சுட்டால் குழல் பிளக்கும்.